குதிரைச்சாமி தூண்கிட்ட நின்ன மாமா

மாமா போனதுக்கப்புறம் ஆவுடையார்கோயில் பக்கமே போகல. போன மாசி மகத்துக்கு குளமங்கலம் அய்யனாருக்கு மாலை போடணும்னு அம்மா கிளம்புனாங்க, அப்ப நாந்தான் சொன்னேன், காலையிலயே ஆவுடையார்கோயிலும் பாத்துட்டு வந்துரலாம்னு. வழியிலன்னு சொல்ல முடியாது, அறந்தாங்கில இருந்து தனியா 14 கிமீ போகணும், பரவால்ல.

மாமான்னா அம்மாவோட அண்ணன். குதிரை வண்டி எல்கைப் பந்தயம் ஓட்டுனவரு. எங்க வீட்டுல யாருக்காவது காய்ச்சல்னா ராத்திரி எத்தனை மணியானாலும் வந்து நிப்பாரு, ஆனா வந்ததும் கேக்குறது "தொட்டியில தண்ணி கெடக்கா, குதிரைக்கு காட்டணும்". கொள்ளை ஊறப்போட்டு, ஒண்ணு ரெண்டை விரல்ல நசுக்கிப் பாத்துட்டுதான் வைப்பாரு. "குதிரைக்கு வாந்தி எடுக்க வராது மாப்ள, வயித்துல கட்டிக்கிச்சுன்னா உசுருக்கே மோசம்"னு சொல்லுவாரு. எங்களுக்கு சோறு ஊட்டும்போதும் அதே மாதிரி பருக்கைய நசுக்கி நசுக்கி பாப்பாரு, அத்தை திட்டும்.

சிவன் கோயில்தான், ஆனா உள்ள போனா லிங்கம் கிடையாது, அதோட அடிப்பீடம் ஆவுடையார் மட்டும்தான், நந்தியும் இல்ல கொடிமரமும் இல்ல, அம்பாளுக்கும் பாதம் மட்டும்தான். புழுங்கலரிசி சோத்தை சுடச்சுட கல்லுல கொட்டுவாங்க, அந்த ஆவிதான் ஆத்மநாதருக்கு நைவேத்தியம். கூட கீரையும் பாகற்காயும். எல்லாரும் கொடுங்கைய, அதான் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற கல்லு தாழ்வாரத்த, அண்ணாந்து பாத்துட்டு நிப்பாங்க, கல்லை மரம் மாதிரி இழைச்சிருக்கான்னு. மாமா அதை ஒரு தடவை கூட ஒழுங்கா பாத்ததில்ல, நேரா குதிரைச்சாமி தூணுக்குத்தான் போவாரு.

சிவன் குதிரைக்காரனா வந்து உக்காந்திருக்கிற சிலை. மாமா சாமிய கும்பிட்டுட்டு குதிரைய பாக்க ஆரம்பிச்சிருவாரு, கடிவாளம், காது, முன்னங்கால்னு சந்தையில பாக்குற மாதிரியே. குதிரை வாங்குறவங்க உடம்புல முடி சுழிச்சிருக்கிற எடத்தை, சுழிய, பாத்துதான் வாங்குவாங்க. ஒருநாள் சுத்தி வந்துட்டு "சுழி மட்டும் தெரியல, மத்தபடி வாங்கலாம்"னாரு, பக்கத்துல நின்ன பெரியவர் சிரிச்சிட்டாரு.

கதை எல்லாருக்கும் தெரியும். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்க குடுத்த பணத்தை மாணிக்கவாசகர் இங்க கோயிலுக்கு செலவு பண்ணிட்டாரு, ஆவணி மூலத்தன்னிக்கு சிவனே நரியெல்லாம் பரியாக்கி ஓட்டிட்டு வந்தாரு, ராத்திரி அதெல்லாம் திரும்ப நரியாகி லாயத்துல இருந்த நிஜக் குதிரைங்களையும் கடிச்சிட்டு ஓடிருச்சு. நாமல்லாம் அடுத்து வைகை வெள்ளம், பிட்டுக்கு மண் சுமந்ததுன்னு போயிருவோம். மாமா அந்த லாயத்துலயே நின்னுருவாரு. "அதுங்க என்ன மாப்ள பாவம் பண்ணுச்சு? கட்டிப்போட்ட குதிரை, ஓடக்கூட முடியாது." சாமி மேல அவருக்கு இருந்த ஒரே கோவம் இதுதான்னு நெனைக்கிறேன்.

ஒரு ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா சந்தைக்கு குதிரை வாங்கப் போனவரு வெறுங்கையோட வந்தாரு. மார்வாரி சாதிக் குதிரைக்குட்டி, காது நுனி ரெண்டும் உள்ள வளைஞ்சு தொட்டுக்கும்னு ஆறு மாசமா அதே பேச்சு. போன இடத்துல எனக்கு காலேஜ் சீட் கெடச்ச சேதி போன்ல போயிருக்கு, பணத்தை அப்படியே மடியில கட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டாரு. அம்மா அழுதாங்க. "மாணிக்கவாசகர் கோயில் கட்டுனாரு, நான் ஃபீஸ் கட்டுறேன், போ தாயி"ன்னாரு. அப்புறம் மார்வாரி வாங்கவே இல்ல.

தூண்கிட்ட நானும் சுழி இருக்கான்னு தேடுனேன். தெரியல.

குளமங்கலம் போய் சேர மத்தியானம் ஆயிருச்சு, செம கூட்டம். அய்யனாரோட 33 அடி குதிரை சிலை, அன்னிக்கு கழுத்துல இருந்து கீழ வரைக்கும் காகிதப்பூ மாலைதான், உடம்பே தெரியல. லாரி லாரியா மாலை வந்து எறங்குது. எங்க மாலைய ஒரு பையன் ஏறி போட்டுவிட்டான். அம்மா சுருக்குப்பையில இருந்து ஊறவச்ச கொள்ளு ஒரு பிடி எடுத்தாங்க, ராத்திரியே ஊறப்போட்டிருக்காங்க, எனக்குத் தெரியாது. ஒண்ணை எடுத்து விரல்ல நசுக்கிப் பாத்துட்டு கால்மாட்டுல வச்சாங்க. கும்பிட்டு கண்ண தொறக்குறதுக்குள்ள ஒரு ஆட்டுக்குட்டி வந்து திங்க ஆரம்பிச்சிருச்சு, நான் விரட்டப் போனேன், அம்மா கைய புடிச்சிக்கிட்டாங்க.