அரிசி வைத்தியம்

"அரிசில போட்டு வச்சியாம்மா?" என்று கேட்டார் லேப்டாப் ரிப்பேர்க்காரர்.

அந்தக் கல்லூரிப் பெண் தலையாட்டுவதற்குள், கவிழ்த்த லேப்டாப்பின் விசிறிப் பக்கமிருந்து ஒரு பொன்னி அரிசி மேசையில் விழுந்தது.

சென்னை ரிச்சி தெருவுக்குச் சார்ஜர் வாங்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். நனைந்ததை அரிசிக்குள் வைத்தால் ஈரம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

கொட்டியது ஃபில்டர் காபி. வெறும் தண்ணீர் என்றால் இவ்வளவு மோசமில்லை. ஈரம் காய்ந்த பிறகும் பாலும் சர்க்கரையும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் ஒட்டிக்கொண்டு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதுவும் சென்னைக் காற்று!

பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்கினார். அப்புறம் பூதக்கண்ணாடியை என் பக்கமும் திருப்பினார். கீபோர்டு கனெக்டர் ஓரத்தில் பாசி பிடித்தது போல ஒரு பச்சை. செம்பு அரித்த பச்சை. ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் இந்த அரிப்பு மளமளவென்று நடக்குமாம். அரிசி இதற்கு என்ன செய்யும், பாவம்?

போர்டைச் சுத்தம் செய்யும் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷ்ஷைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

"கொட்டினதும் என்ன பண்ணே?"

"ஆன் ஆகுதான்னு பாத்தேன் அண்ணா."

எல்லோரும் செய்வது அதுதான். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்க யாருக்குத் தோன்றுகிறது?

"கீபோர்டு மாத்தணும். போர்டு பத்தி நாளைக்குத்தான் சொல்ல முடியும்."

"ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அண்ணா?"

ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி, வேறொரு கேஸில் போட்டுத் தன் கம்ப்யூட்டரில் சொருகினார். ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன.

"முதல்ல பென்டிரைவ் வாங்கிட்டு வா."