பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டிய பிறகு

ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே விசைத்தறிகள் ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எழுதுகிறேன். நான் பள்ளியில் படித்தது முழுக்கத் தெலுங்கு. தாத்தா வாங்கிய நாளிதழிலும் திருத்தணி பஸ்களின் பெயர்ப்பலகையிலும் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் தமிழைப் படித்தேன். இன்றும் சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டுகிறேன். பாடுபட்டுச் சேர்த்த மொழி. அதில் மனதுக்குப் படாத ஒன்றை எழுதக் கை வருவதில்லை.

போன மாதம் தமிழக–ஆந்திர எல்லையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு போனது. எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரி ஆந்திரப் பக்கமே நின்றுவிட்டது. இதைக் கோபத்தோடு எழுதினேன். 'துரோகம்' என்ற சொல் மட்டும் நான்கு இடங்களில் வந்தது.

அந்தக் கோபம் பொய்யில்லை. வடக்கெல்லைப் போராட்டத்தில் முன்னின்ற ம.பொ.சி.யை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, அச்சுக்கூடத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் எடுத்துக் கோத்தவர் அவர். எழுதியதோடு நிற்காமல் அதற்காகத் தெருவில் இறங்கியவர். அவரைப் போல எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராட்டையை நிறுத்தாமலே கேட்டார்.

"எல்லாம் சரிதான் கண்ணு. யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒன்றும் இல்லையே?"

பிறகு அவரே சொன்னார். திருத்தணியில் பிறந்து நகரியில் வாழ்க்கைப்பட்டவர் அவர். பிள்ளைகள் தெலுங்குப் பள்ளிக்குப் போனார்கள். அம்மா வீட்டிலிருந்து தமிழில் கடிதம் வந்தால் வீட்டில் படிக்க ஆள் இல்லை. மூன்று தெரு தள்ளி இருந்த என் தாத்தாவிடம் கொண்டுவருவார். ஒருமுறை தாத்தா வெளியூர் போயிருந்தார். பெரியம்மா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நான்கு நாள் வேலை பார்த்தார். தாத்தா வந்து பிரித்துப் பார்த்தால், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, உடனே வரவும் என்று இருந்தது. அன்றே பஸ் ஏறினார். அதற்குள் முந்தின நாளே எடுத்துவிட்டார்களாம்.

இத்தனை வருடம் ஒரே தெருவில் இருக்கிறேன். இதை நான் கேட்டதே இல்லை.

தறியில் நெடுக்காக ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். கூலி குறையுமே என்று அப்படியே ஓட்டினால் துணி நெடுகக் கோடு விழும். எந்தச் சாயமும் அதை மறைக்காது. நான் எழுதியதில் அப்படி ஒரு கோடு ஓடியிருந்தது. தேதிகளை வைத்துக்கொண்டு, 'துரோகம்' நான்கையும் அடித்தேன். அந்த இடத்தில் கடிதத்தை எழுதினேன். இரண்டு இரவு ஆனது. எழுதும்போது கை நடுங்கியது; முதல்முறை எழுதியபோது நடுங்கவில்லை.

நேற்று மறுபடி படித்துக் காட்டினேன். கடிதம் வரும் இடத்தில் ராட்டை நின்றது. அந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இழையை விரலில் சுற்றியபடியே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இடுப்பு வியர்வையில் மை ஊறிவிட்டது. தாத்தா வெளிச்சத்தில் பிடித்துத்தான் படித்தார். அதையும் எழுது."

எழுதிவிட்டேன், பெரியம்மா.