செல்வபுரத்து உப்புத்தண்ணி: கோடைக் குறிப்புகள்

ஏப்ரல் 4

கீசர் காயில் போய்விட்டது. மெக்கானிக் அண்ணன் கழற்றி வைத்தபோது கம்பியே தெரியவில்லை. சுற்றிலும் விரல் கனத்துக்குச் சாம்பல் வெள்ளையில் ஓடு கட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. ஒரு செதிலைக் கிண்ணத்தில் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தேன், நுரைத்துக்கொண்டு கரைந்தது. சுண்ணாம்புதான்.

போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து அந்தச் சூடான இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. ஓடு கட்டிய பிறகு சூடு தண்ணீருக்குச் சரியாகப் போகாது. கரண்ட் ஏறும், கடைசியில் காயிலே கருகிப் போகும். “அம்பது டிகிரி போதுமுங்க, அதுக்கு மேல திருப்பாதீங்க” என்றார் அண்ணன். சூடு கூடக் கூடப் படிவும் கூடும் என்பதால் இன்றே குறைத்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 6

கோவையில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் இரண்டு தண்ணீர். சிறுவாணி வந்தால் குடிக்கவும் சமைக்கவும். மற்ற எல்லாவற்றுக்கும் போர்.

சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். காட்டில் பெய்த மழை கடினமான பாறைமேல் ஓடி வருவதால் அதில் சுண்ணாம்பு சேர வழி குறைவு. போர்த் தண்ணீரின் கதை வேறு. எங்கள் போர் போட்டபோது மேல்மண்ணோடு வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் என்கிற சுண்ணாம்புக் கட்டி வந்ததை அப்பா இன்னும் சொல்வார். தெற்கே மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் வெட்டித்தானே சிமென்ட் ஆலையே நடந்தது. இப்படிப்பட்ட மண்ணிலும் பாறை வெடிப்பிலும் வருஷக்கணக்கில் ஊறிக் கிடந்த தண்ணீரைத்தான் மோட்டார் மேலே இழுக்கிறது.

ஏப்ரல் 9

ஆர்.ஓ. விற்க ஒருவர் வந்தார். இரண்டு டம்ளர் கேட்டார். ஒன்றில் எங்கள் போர்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை வைத்து பிளக்கில் செருகினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் டம்ளர் மட்டும் காவி நிறத்தில் திரிதிரியாகக் கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போனார். “ஏங்கண்ணு, இதையா நாம குடிக்கிறோம்?”

அந்த அழுக்கு தண்ணீரிலிருந்து வந்ததே இல்லை. கம்பிகளில் சில இரும்பு. தாது உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாகத் திரளும். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே நிற்கும். சிறுவாணித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு வைக்கச் சொன்னேன். அவர் கருவியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பயத்தைக் காட்டித் தண்ணீர் மெஷின் விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த அக்கா முந்தின வாரம்தான் சீட்டுப் பணம் எடுத்திருந்தார்.

ஆர்.ஓ. தாதுக்களை எடுத்துவிடும், அது உண்மை. ஆனால் ஒரு குடம் தருவதற்குள் அதைவிட அதிகமான தண்ணீரைச் சாக்கடையில் விடும். குடிக்கச் சிறுவாணி இருக்கிற வீட்டில் கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அது என்ன செய்யப்போகிறது?

ஏப்ரல் 17

ஆய்வகத்திலிருந்து பரிசோதனைச் சீட்டு வந்தது. போர்த் தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 680 மில்லிகிராம். காரத்தன்மை (பெரும்பாலும் பைகார்பனேட்) 420, டி.டி.எஸ். என்கிற மொத்தக் கரைந்த உப்பு 1,310. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் அளவுகோலின்படி கடினத்தன்மை 200க்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம். அதையும் தாண்டியாயிற்று.

இந்தச் சீட்டிலிருந்து தெரிகிற முக்கியமான விஷயம், காரத்தன்மை 420 என்பதால் 680ல் ஏறக்குறைய 420 தற்காலிகக் கடினத்தன்மை. கொதிக்க வைத்தால் பெரும்பகுதி வெளியே வந்து படிந்துவிடும். மீதி 260 சல்ஃபேட், குளோரைடு வகை, கொதித்தாலும் போகாது. பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் இதையெல்லாம் சொல்லாது. அது மின்சாரம் பாய்வதை வைத்து மொத்த உப்பைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். சமையல் உப்பும் சுண்ணாம்பும் அதற்கு ஒன்றே.

ஏப்ரல் 21

அரிசி பருப்புச் சாதம். வேண்டுமென்றே துவரம்பருப்பை இரண்டாகப் பிரித்து வேக வைத்தேன். சிறுவாணியில் போட்டது கரண்டி பட்டதும் மசிந்தது. போர்த் தண்ணீரில் போட்டது அதே விசிலுக்கு மேல்புறம் விறைத்து, நடுவில் நறுக்கென்று நின்றது. பருப்பின் செல்களைப் பிணைக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. ஆப்பசோடா போட்டால் வேகும் என்று அம்மா போடுவார், ஆனால் பருப்பிலுள்ள பி1 வைட்டமின் அதில் வீணாகும். பருப்புக்கும் டீக்கும் நல்ல தண்ணீர் என்பதை இனி இந்த வீட்டில் சட்டமாகவே வைக்கப்போகிறேன்.

தலைக்குக் குளிப்பதும் இதே சங்கதி. சோப்பு கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகிவிடும். பக்கெட் ஓரத்தில் சாம்பல் வளையமாக நிற்பதும், முடியில் பிசுபிசுப்பதும் அதுதான். சீயக்காயில் நுரை தருவது சப்போனின், அது சோப்பு மாதிரித் திரிந்துபோகாது. பாட்டி இந்தத் தண்ணீரிலும் பளபளவென்று முடி வைத்திருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மே 3

தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் போட விலை கேட்டேன். வீடு முழுவதற்கும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அதிலுள்ள ரெசின் என்கிற சிறு மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு ஏறக்குறைய 46 மில்லிகிராம் சோடியம். எங்கள் 680க்குக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 300க்கு மேல் போகிறது. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. தவறிப்போய்க்கூட அந்தத் தண்ணீர் சமையலறைக்கு வரக்கூடாது.

இன்னொன்று என்னை அதைவிட உறுத்துகிறது. ரெசினைக் கழுவ மூட்டை மூட்டையாக உப்புக் கரைத்து ஊற்ற வேண்டும், கழிவு முழுக்க வெளியே போகும். தெருவில் பத்து வீட்டில் போட்டு எல்லோரும் தோட்டத்துக் குழியில் விட்டால் அந்த உப்பு எந்தப் போருக்கு இறங்கும்?

மே 15

கோடை மழை நன்றாக அடித்தது. முதல் பத்து நிமிஷ மொட்டை மாடித் தண்ணீரை வெளியே விட்டு, அப்புறம் வந்ததை வடிகட்டித் தொட்டிக்குத் திருப்பினோம். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்தே கட்டாயம், எங்கள் வீட்டுக் குழாய் அத்தனை வருஷமும் குழிக்குள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்த பிறகு மிச்சம் இப்போதும் குழிக்குத்தான் போகிறது. சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுக் கடினத்தன்மை பார்க்கும் கிட்டில் தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன். போர் கலந்திருந்தும் 110.

குழாய்க்காரர் புதன்கிழமை வருகிறார். இந்தத் தொட்டியிலிருந்து கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் தனி லைன். டாய்லெட்டுக்கும் வாசல் தெளிக்கவும் போர்த் தண்ணீரே போதும். ஷவர் முகத்தைக் கழற்றி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஊறப் போட்டிருக்கிறேன். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், அது குரோமையும் டைல்ஸ் இடுக்குச் சிமென்டையும் சேர்த்தே அரித்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவும் தன் போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்திருக்கிறார், நாளைக்கு ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும்.