மை கக்காத பேனா

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் வேலை பார்த்த எழுதுபொருள் கடையின் பின்மூலையில் ஒரு சிறிய மேசை கிடந்தது. முதலாளி அங்கே உட்கார்ந்துதான் பேனா பழுது பார்ப்பார். 1974இல் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்திலிருந்து தினமும் சைக்கிளில் வந்து போவேன். அந்த மேசையைத் துடைப்பதும் முதலாளி கேட்கும் சாமானை எடுத்துக் கொடுப்பதும்தான் முதல் ஆறு மாத வேலை.

சம்பளம் போட்ட மறுநாள் கடையில் நிற்க இடம் இருக்காது. செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டை எழுதும் தோட்டத்துக் கணக்கர்களான கிராணிமார், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொண்ட பால்வெட்டுத் தொழிலாளர்கள் என எல்லாரும் வருவார்கள். அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: பேனா மை கக்குகிறது.

"தம்பி, மை இறங்குவது பெரிய காரியம் இல்லை. இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று அளவோடு உள்ளே ஏற வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது" என்பார் முதலாளி. ஒருநாள் ஒரு பேனாவின் கழுத்தைக் கழற்றி, முள்ளுக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையை என் உள்ளங்கையில் வைத்தார். கடையில் அதை நாக்கு என்போம். நெல்லிக்காய்க் கொட்டையைவிடக் கனமில்லை. அதன் முதுகில் நீளவாக்கில் ஒரு பள்ளம். கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தப் பள்ளத்தின் அடியில் தலைமுடி அகலத்தில் கீறல்கள். நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மன் 1884இல் காப்புரிமை பெற்றது இப்படிப்பட்ட அமைப்புக்குத்தான். கீறல்கள் வழியாக மை ஊர்ந்து முள்ளுக்கு வருகிறது. அதே பள்ளத்தின் வழியாகக் காற்று மேலே போகிறது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் போய்வர இடம் செய்து கொடுத்த மனிதரின் பொறுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்புத்தான்.

"இது எதில் செய்தது தெரியுமா?" என்று முதலாளி கேட்டார். தெரியவில்லை. "ரப்பர்."

உடைந்த நாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி அன்று மாலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். இருபது வருடம் மங்கு என்ற பால் கிண்ணத்தில் பாலைப் பார்த்த அப்பா அதை நகத்தால் கீறினார், பல்லால் கடித்தார். பிறகு வேட்டியில் அழுத்தித் தேய்த்து முகர்ந்தார். "கந்தக வாடை அடிக்கிறதே" என்றார். சரியாகச் சொன்னார். ரப்பரில் கொஞ்சமாகக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் டயர் போல இழுபடும். மூன்றில் ஒரு பங்கு வரை சேர்த்துப் பல மணி நேரம் வேகவிட்டால் கருங்காலி போல இறுகிவிடும். அதுதான் எபோனைட். கடைந்தால் பளபளப்பு ஏறும், மை அதை அரிக்காது. அப்பா அந்தத் துண்டைச் சாமி மாடத்தில் வைத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

வாட்டர்மன் காலத்துப் பேனாக்காரர்களுக்கு எங்கள் பக்கத்து ரப்பர் கிடைத்திருக்காது. கோலகங்சாரில் முதல் கன்றுகள் நடப்பட்டதே 1877இல்தான். அவர்கள் கடைந்தது அமேசான் காட்டுப் பால்.

அவர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஜார்ஜ் பார்க்கர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில் தந்தித் தொழில் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் அவர். சம்பளம் போதாமல் ஜான் ஹாலண்ட் நிறுவனத்தின் பேனாக்களை மாணவர்களிடம் விற்றார். அவை ஒழுகின. நான் செய்த பேனாவா என்று அவர் கைவிரித்திருக்கலாம். விற்றது நான்தானே என்று சிறு கடைசல் கருவியும் அரமும் வாங்கி, மாணவர்களின் பேனாக்களைத் தானே சரிசெய்து கொடுத்தார். பழுது பார்த்துப் பார்த்துத்தான் 1888இல் தம் பெயரிலேயே தொழில் தொடங்கினார். மறு வருடம் முதல் காப்புரிமை கிடைத்தது. முள் மேலே இருக்கும்படி சட்டைப்பையில் பேனாவைச் செருகினால், நாக்கில் மை தங்கிவிடும். உடம்புச் சூட்டில் உள்ளே காற்று விரிந்து அந்த மையை மூடிக்குள் தள்ளிவிடும். இதற்கும் அவர் வழி கண்டார். நாக்கின் வாலை வளைத்து, பேனாவின் உட்சுவரைத் தொடும்படி வைத்தார். தங்கிய மை அந்த வளைவு வழியாகக் கீழே வடிந்துவிடும். 1894இல் வந்த அந்த 'லக்கி கர்வ்' அவருடைய தொழிலைத் தூக்கி நிறுத்தியது.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பெரிய கிராணி தம் பேனாவைக் கொண்டுவந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது தோட்டத்து மக்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த பழைய எபோனைட் பேனா. கரிக்கறுப்பு. பையில் கசிகிறது என்றார். முதலாளி வெளியே போயிருந்தார். உள்ளே காய்ந்த மை சீக்கிரம் கரையட்டும் என்று மூடியையும் உடலையும் வெந்நீரில் போட்டேன். வெந்நீர் ஆகாது என்று முதல் வாரமே சொல்லியிருந்தார்; அவசரத்தில் மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது கறுப்பு போய், பாசி படிந்த கல்லைப் போலப் பச்சையும் பழுப்புமாக இருந்தது.

முதலாளி வந்து பார்த்தார். கத்தவில்லை. நாக்கைச் சுத்தம் செய்து, கழுத்தை இறுக்கி, கசிவை நிறுத்தினார். பிறகு பேனாவைத் தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார். "நீயே கொண்டுபோய்க் கொடு. நிறம் எப்படிப் போனது என்பதையும் நீயே சொல்."

ஏழு மைல் சைக்கிள் மிதித்தேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிராணி ஐயா பேனாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் அப்பா எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். மைப்புட்டியை எடுத்து வந்து மை நிரப்பி, செய்தித்தாள் ஓரத்தில் தம் பெயரை மூன்று முறை எழுதினார்.

"இனி ஒழுகாதே?"

"ஒழுகாது ஐயா. மை பாதிக்குக் குறையவிடாமல் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் உள்ளே காற்று அதிகமாகும், சூட்டில் தள்ளும்."

கூலி வாங்க மறுத்தேன். அவர் இரண்டு வெள்ளிப் பணத்தை என் சட்டைப்பையில் திணித்து அனுப்பினார்.

அடுத்த மாதம் அவர் கடைக்கு வந்தபோது என் கண் முதலில் போனது அவருடைய சட்டைப்பைக்குத்தான். வெளுத்த வெள்ளைச் சட்டை. பச்சையேறிய அந்தப் பேனா செருகியிருந்தது. கீழே ஒரு பொட்டுக் கறைகூட இல்லை.