கிருமிக்கு அவகாசம் வேண்டும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவைப் பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். 1917இல், நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை (பாமாயில் தரும் மரம்) நட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கம்தான். சிலாங்கூர் ஆற்றிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் குடிநீர் எடுக்கும் நிலையங்களும் இங்கேதான் இருக்கின்றன. என் வேலை, ஊரில் யாரும் எட்டிப் பார்க்காத கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில்.

சுருக்கமாகச் சொன்னால் கிருமி வளர்ப்பு. ப்ளோவர் வைத்துத் தொட்டியில் காற்று ஊதுகிறோம். பழுப்பு நிற ஸ்லட்ஜில், அதாவது கசடில், இருக்கும் பாக்டீரியாக்கள் ஊர்க்கழிவைத் தின்கின்றன. அடியில் படியும் ஸ்லட்ஜில் பெரும்பங்கைத் திரும்பவும் தொட்டிக்கே அனுப்பிவிட்டு, மிச்சத்தை வெளியேற்றுகிறோம். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் நிலையம், 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, பி.ஓ.டி.யை (நீரில் மிஞ்சியிருக்கும் கழிவைத் தின்னக் கிருமிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் வைக்க வேண்டும். அம்மோனியா, எண்ணெய், மிதக்கும் திடப்பொருள் எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் உண்டு. நாம் விழுங்கும் மருந்துக்கு மட்டும் கட்டம் இல்லை.

ஒரு பல்கலைக்கழகக் குழு அதைத்தான் அளக்க வந்தது. உள்ளே வரும் நீரிலும் வெளியே போகும் நீரிலும் போத்தல் போத்தலாகப் பிடித்துக் கொடுத்தோம். முடிவு வந்தபோது பனடோலில் இருக்கும் பாராசிட்டமோல் ஏறக்குறைய காணாமலே போயிருந்தது. இன்னொரு வலிமருந்தான இபுபுரோஃபெனும் அப்படித்தான். ஆனால் வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமஸெபின், உள்ளே வந்ததைவிட வெளியே போனதில் கூடுதல்! கூட வேலை செய்யும் தம்பி, "அண்ணே, போத்தல்ல லேபிள மாத்தி ஒட்டிட்டோமா?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

லேபிள் சரியாகத்தான் இருந்தது. நம் கல்லீரல் இந்த மருந்தில் ஒரு பகுதியின் மேல், சர்க்கரையிலிருந்து உண்டாகும் ஓர் அமிலத்தை ஒட்டி அனுப்புகிறது. அந்த உருவத்தில் வருவதைச் சோதனைக் கருவி மருந்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. தொட்டிக்கு வந்ததும் பாக்டீரியா அந்த இனிப்பை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு மருந்தை அப்படியே துப்பிவிடுகிறது. மருந்தின் உடம்பில் கைவைக்கும் வழி பெரும்பாலான கிருமிகளுக்குத் தெரிவதில்லை.

இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) கொடுக்கும் மெட்ஃபார்மின் கதை இதற்கு நேர் எதிர். 2019 தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியது. எங்கள் ஊரில் காலையில் பசியாறும் மேசையில் ரொட்டி சானாய் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பாவும் இருக்கும். மெட்ஃபார்மினை உடம்பு உடைப்பதில்லை. இரத்தத்தில் கலந்தது முழுசாகச் சிறுநீரில் வந்துவிடும். எங்கள் தொட்டி அதைப் பெருமளவு 'நீக்கிவிட்டது' என்று அறிக்கை சொன்னது. நல்ல செய்திதான், ஆனால் அதில் பெரும்பகுதி குவானைல்யூரியா என்ற வேறொரு பொருளாக மாறி ஆற்றுக்குப் போகிறது. அதை உடைக்கும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன என்று பின்னால் கண்டுபிடித்திருக்கிறார்கள்; ஆனால் எல்லாத் தொட்டியிலும் அவை போதுமான அளவு இருப்பதில்லை. அதிலிருந்து 'நீக்கம் இத்தனை விழுக்காடு' என்று யார் சொன்னாலும், அது என்னவாக மாறியது என்பதுதான் என் முதல் கேள்வி.

முட்டிவலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும் இருக்கிறது. தோல் வழியே உடம்புக்குள் போவது சுமார் 6 விழுக்காடுதான். மீதி துணியிலும் கையிலும் ஒட்டி, கழுவும்போது எங்களிடம் வந்து சேர்கிறது. (மாட்டுக்குப் போட்ட இதே மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியாவில் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள்.) இதைத் தின்னத் தெரிந்த கிருமிகள் மெதுவாக வளர்பவை. ஸ்லட்ஜை அடிக்கடி வெளியேற்றினால், பெருகுவதற்கு முன்பே அடித்துக்கொண்டு போய்விடும்.

இந்த இடத்தில்தான் எங்களைப் போன்ற சிற்றூர் நிலையங்களுக்கு ஒரு சாதகம். பெரிய நகர நிலையங்களில் கழிவுநீர் சில மணி நேரத்தில் தொட்டியைக் கடந்துவிடும். எங்களுடையது நீண்ட நேரக் காற்றூட்ட முறை. நீர் 18 முதல் 24 மணி நேரம் தங்கும், ஸ்லட்ஜ் 20 நாளுக்கு மேல் இருக்கும். நீரின் சூடும் வருடம் முழுக்க 28 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காது. குளிர்காலத்தில் கிருமிகள் சோம்பிப்போகும் ஐரோப்பியத் தொட்டிகளுக்கு இந்த வசதி கிடையாது. பழைய முறை, இடத்தை அடைக்கிறது என்று எங்கள் நிலையத்தைக் குறை சொல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அதே குழு காளானையும் முயன்று பார்த்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு கனோடெர்மாவைத் தெரியும். செம்பனையின் அடிமரத்தை உள்ளுக்குள்ளேயே தின்று, ஒருநாள் மரத்தைச் சாய்த்துவிடும் பூஞ்சை. மரத்தை மரமாக இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினை உடைக்கும் நொதிகள் அதனிடம் இருக்கின்றன. சிப்பிக்காளானும் அந்த வகைதான். லிக்னின் தாறுமாறான அமைப்புள்ள பொருள் என்பதால், அதை உடைக்கும் லாக்கேஸ் போன்ற நொதிகளும் இன்னதைத்தான் தொடுவேன் என்று அடம் பிடிப்பதில்லை. டைக்ளோஃபெனாக்கையும் ஒரு கை பார்க்கும்.

காளான் பண்ணையில் அறுவடை முடிந்து தூக்கி எறியும், ரப்பர் மரத்தூள் அடைத்த பைகளைக் கொண்டுவந்து, வெளியே போகும் நீரில் கொஞ்சத்தை அவற்றின் வழியே விட்டார்கள். ஆரம்பத்தில் டைக்ளோஃபெனாக் நன்றாகவே குறைந்தது. அப்புறம் கழிவுநீர் பாக்டீரியாக்கள் மரத்தூளில் குடியேறிப் பூஞ்சையை ஓரங்கட்டிவிட்டன. பை வழவழத்தது. மரத்தூளின் சாயம் இறங்கி நீர் தேநீர் நிறத்தில் வந்தது, பி.ஓ.டி.யும் ஏறிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அமிலத்தன்மையைக் கூட்டிப் பூஞ்சையைக் காப்பாற்றலாம். ஓர் ஊரின் கழிவுநீர் முழுவதற்கும் அமிலம் ஊற்ற முடியுமா? காளானுக்குப் பொருத்தமான இடம் மருத்துவமனையின் கழிவு வாய்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே நீர் குறைவு, மருந்து அதிகம்.

எங்கள் தொட்டிக்கு அதைவிடச் சிக்கனமான யோசனை, கிருமிகள் ஒட்டி வளர சின்னச் சின்னப் பிளாஸ்டிக் சக்கரங்களை மிதக்கவிடுவது. ஒட்டிக்கொண்டவை அடித்துச் செல்லப்படுவதில்லை என்பதால் மெதுவாக வளர்பவையும் நிலைத்துவிடும். டைக்ளோஃபெனாக் விஷயத்தில் சாதாரண ஸ்லட்ஜைவிட இது மேல் என்று டென்மார்க்கில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. நிர்வாகத்திடம் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

பதிலுக்குப் பதிலாக, மின்கட்டணத்தைக் குறைக்க இரவில் ப்ளோவரை நிறுத்தலாமே என்று ஒரு கடிதம் வந்தது. நிலையத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி ப்ளோவருக்கே போகிறது, அவர்கள் கேட்டதும் நியாயம்தான். மருந்தைத் தின்னும் கிருமிகளுக்குக் காற்று வேண்டும் என்று நான் எழுதினால் யார் படிப்பார்கள்? படிவத்தில்தான் அந்தக் கட்டமே இல்லையே. ஆனால் அம்மோனியாவைத் தின்பவையும் மெதுவாக வளரும் கிருமிகள்தான், காற்று இல்லையென்றால் முதலில் படுத்துவிடுபவையும் அவைதான். அவை நன்றாக இருக்கும் ஸ்லட்ஜில் பல மருந்துகளும் கூடுதலாகச் சிதைகின்றன. அதனால், ப்ளோவரை நிறுத்தினால் அம்மோனியா ஆற்றுக்கான வரம்பான 10 மில்லிகிராமைத் தாண்டிவிடும் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இரவு ஷிப்டில் ப்ளோவர் ஓடிக்கொண்டிருக்கிறது.