இட்டேரியிலிருந்து ஏற்காடு வரை: நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி 18. வீட்டில் எல்லோரும் கொடுமுடிக்குக் கிளம்பினார்கள். நான் வரவில்லை என்றதும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவர்கள் போனதும் இட்டேரியில் இறங்கினேன். தோட்டத்து முக்கிலிருந்து குளத்துக்கரை போய்த் திரும்பினால் 3 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம். தடத்தின் நடுமேட்டில் புல், இரு பக்கப் பள்ளத்திலும் உருட்டுக்கல். தார் ரோட்டில் கால் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், மனசு தறிக்கூடத்தில் நின்றுகொண்டிருக்கும். இங்கே அது நடக்காது. ஒவ்வொரு அடிக்கும் இடம் பார்த்தாக வேண்டும்.

குனிந்து காலடியையே பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. மலை ஓட்டக் குழுவின் கோச் சொல்லியிருந்தார்: "மூணு நாலு மீட்டர் முன்னால பாருங்ணா. கால் தானாப் பாத்துக்கும்." திரும்பி வரும்போது அப்படிச் செய்தேன். பார்த்துக்கொண்டது.

ஆகஸ்ட் 6, புதன்

நான்கு தறி ஓடுகிறது. ஆறு நிற்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சென்னிமலை. குழுவோடு முதல் ஏற்றம். ஈரோடு, பெருந்துறை, காங்கயத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பாதிப் பேர் என் மகள் வயசு.

படிவழி 1,320 படி. அதில் ஓடக் கூடாது என்று கோச் முதலிலேயே சொல்லிவிட்டார். சாமி கும்பிடப் போகிறவர்கள் வழி அது, அவர்களுக்கு இடைஞ்சல் கூடாது. நடந்துதான் ஏற வேண்டும். வண்டி போகும் மலைப்பாதையில் மட்டும் மெது ஓட்டம். அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பக்கத்தில் வருகிறவரிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேச முடிந்தால் ஓடலாம். மூச்சு வாங்கி வார்த்தை பாதியில் நின்றால் உடனே நடக்க வேண்டும். மலை ஓட்டத்தில் பேர் எடுத்தவர்கள்கூடச் செங்குத்தில் நடக்கத்தான் செய்கிறார்களாம், முட்டிக்கு மேலே கையை ஊன்றி, அடியைச் சுருக்கி. ஏற்றத்தில் வேகத்தைப் பார்க்காதே, மூச்சைப் பார். இதைக் கேட்டதும் பாதி பயம் போய்விட்டது. ஓட்டம் என்றால் நிற்காமல் ஓடுவது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் ஒருவர் வந்துகொண்டே இருந்தார். நான் நின்றால் நிற்கிறார், நடந்தால் நடக்கிறார். கீழே வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் வேலையே அதுதான் என்று. எவ்வளவு மெதுவாக வந்தாலும் கடைசி ஆளுக்குப் பின்னால் குழுவின் ஆள் ஒருவர் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்க விடமாட்டார்.

இதை ராத்திரி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாடிப்படி இறங்க முடியவில்லை. ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் தொடையின் முன்பக்கம் பிடித்து இழுக்கிறது. கோச்சுக்குப் போன் போட்டேன். சிரித்தார், அப்புறம் பொறுமையாக விளக்கினார். ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்யும். இறங்கும்போது உடம்புப் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும். பாரத்தோடு நீளும்போதுதான் உள்ளே நுண்ணிய சேதம். வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். வந்து போன பிறகு அதே இறக்கத்தை மறுபடி இறங்கினால் இவ்வளவு வலிக்காது, தசை பழகிக்கொள்ளும். அதனால் முதல் தடவை கொஞ்சமாக இறங்க வேண்டும், ஆனால் இறங்காமல் இருக்கக் கூடாது.

"ஏத்தம் மூச்சுக்கு, எறக்கம் தொடைக்குங்ணா."

மஞ்சள் பத்துப் போடு என்கிறாள் அம்மா. போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தறியில் ஏற்றுகிற பாவு நூல் வந்து இறங்கவில்லை. நாளைக்கு என்கிறார்கள். போன வாரமும் நாளைக்குத்தான்.

ஆகஸ்ட் 23, சனி

ஈரோட்டில் ஷூ வாங்கினேன். அடியில் பல் வைத்தது. ஒரு பாவுக்கூலியில் பாதி. கடைக்காரப் பையன் நடந்து காட்டச் சொன்னான். நான் கேட்டது ஒன்றே ஒன்று: பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடித்து நகம் கறுத்துவிடும். கயிற்றைக் கடைசி ஓட்டை வரை கோத்து, அங்கே ஒரு வளையம் விட்டு, எதிர்க் கயிற்றை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் ஆடாது. மகள்தான் கட்டிக் காட்டினாள். எங்கே கற்றுக்கொண்டாளோ.

இவ்வளவு விலை கொடுத்துச் செருப்பா என்று வீட்டுக்காரி கேட்கவில்லை. பெட்டியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சிவன்மலை. இறங்கும்போது கோயிலுக்குள் போனோம். உத்தரவுப் பெட்டி முன்னால் கூட்டம். பக்தர் கனவில் ஆண்டவன் என்ன பொருளைச் சொல்கிறானோ அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். மண் வைத்தால் நிலம், தண்ணீர் வைத்தால் மழை என்று ஆளுக்கொரு நாயம். அப்பா இருந்தவரை எது மாறினாலும் வந்து பார்த்துவிட்டுத்தான் நூல் வாங்குவார். நான் எட்டிப் பார்க்காமல் வந்துவிட்டேன். நூல் என்று இருந்தால் பயந்துவிடுவேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ராத்திரி கிரகணம், கோயில் சீக்கிரம் நடை சாத்துகிறார்கள். வெடியாலேயே மலை ஏறி இறங்கியாயிற்று. கடைசி ஆள் நான் இல்லை இன்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

அடுத்த ஓட்டம் ஏற்காடு மலையில் என்று சொன்னதிலிருந்து வீட்டில் ஒரே கேள்வி. குரங்கணிக் காட்டுத்தீயை வீட்டுக்காரி மறக்கவில்லை. நானும்தான். 2018 மார்ச் 11. மலையேறப் போனவர்களில் நம்ம ஈரோட்டுப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். அந்த வாரம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். காய்ந்த புல், மலைச்சரிவு, கீழேயிருந்து மேலே வரும் தீ. சரிவில் தீ மேல்நோக்கி மனிதனைவிட வேகமாக ஓடும். எதிரே ஓடுவதா, மேலே ஓடுவதா என்று தெரியாத பிள்ளைகள்.

அவளுக்கு உட்கார வைத்துச் சொன்னேன். அதற்கப்புறம் மலைக்குப் போகிற முறையே மாறியிருக்கிறது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. 2024 அக்டோபரில் அரசாங்கமே மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்து, அந்தந்த மலைக்காரர்களையே வழிகாட்டியாகப் போட்டிருக்கிறது. தீக்காலத்தில் அதையும் மூடிவிடுகிறார்கள். நாங்கள் போவது காட்டுக்குள் அல்ல, எஸ்டேட்காரர்களிடம் கேட்டு வாங்கிய காப்பித் தோட்டத்துப் பாதை. மாதம் அக்டோபர், புல் பச்சை. முன்னால் உள்ளூர் ஆள் ஒருவர், பின்னால் ஒருவர்.

"பின்னால வர்றவரு கடைசி வரைக்கும் வருவாரா?" என்று கேட்டாள்.

வருவார் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. தறிக்கூடத்தில் யாருக்குப் பின்னால் யார் வருகிறார்கள்? நூல்காரர் முன்னால் போய்விட்டார். கூலியை உயர்த்திக் கேட்டு ஊர்வலம் போனபோது கூட வந்த பத்துப் பேரில் பாதிப் பேர் இப்போது கம்பெனி பஸ்ஸில் திருப்பூர் போகிறார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இறக்கப் பயிற்சி மட்டும். மலைப்பாதையின் ஒரே சரிவில் ஏறி ஏறி இறங்கினோம்.

உடம்பு பின்னால் சாயத்தான் பார்க்கிறது, பயத்தில். சாய்ந்தால் குதிகால் முதலில் குத்தும், முட்டி அதிரும், கால் வழுக்கும். கொஞ்சம் முன்னால் சாய வேண்டும், இடுப்பு பாதத்துக்கு மேலேயே இருக்க வேண்டும், கை இரண்டையும் விரித்துக்கொள்ளலாம், அடி சின்னதாக, வேக வேகமாக. நிமிடத்துக்கு 170 அடி வைக்கச் சொல்கிறார். எங்கள் சாதா தறி நிமிடத்துக்கு 130 ஊடை, அதாவது குறுக்கு இழை, அடிக்கும். அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன், அது காதில் ஓடிக்கொண்டே இருக்கும். அதைவிடக் கொஞ்சம் வெசையாக என்று வைத்துக்கொண்டேன். சட்டென்று பிடிபட்டுவிட்டது. கோச் மேலேயிருந்து கத்தினார், "அப்படித்தாங்ணா! அப்படியே விடுங்க!"

எத்தனை வருஷமாயிற்று, யாராவது என்னைப் பார்த்து அப்படிக் கத்தி.

செப்டம்பர் 20, சனி

பழைய இரும்பு எடுக்கிற இரும்புக்காரர் வந்தார். தறியைத் தட்டிப் பார்க்கவில்லை, ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவைக் கையில் எடுக்கவில்லை. சுவரோரமாக நடந்து எண்ணிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வெயில். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்த பையனுக்குத் தலை சுற்றி வாந்தி. நிழலில் உட்கார வைத்து உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள், தெளிந்துவிட்டான். வியர்வையில் உப்பும் போகிறது. தண்ணீரை மட்டும் மேலே மேலே ஊற்றினால் ரத்தத்தில் இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். இனி என் பாட்டிலில் ஒன்று தண்ணீர், ஒன்று உப்பும் எலுமிச்சையும். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கம்மங்கூழ் ஒரு சொம்பு, அது வயிற்றில் நிற்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பத்துத் தறிக்கும் பொட்டு வைத்தேன். நிற்கிறதற்கும். அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு வந்தாள். ஏழாவது தறி அப்பா முதலில் வாங்கியது.

இன்று ஓடவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மழை எச்சரிக்கை. ஏற்காடு அடுத்த வாரம். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்கிறார் இரும்புக்காரர்.

அக்டோபர் 10, வெள்ளி

ஒரு பழைய கணக்கு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது. சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். எங்கள் பாதை 12 கிலோமீட்டர், ஏற்றம் 400 மீட்டர் சொச்சம். நடந்தே போனாலும் மூன்று மணி நேரம் சொச்சம். தறிக்கூடத்தில் உட்கார்ந்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன். இந்தக் கணக்கு மட்டும்தான் இப்போது எனக்கு நேராக வருகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

இரண்டரை மணிக்கு வேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, பின் சீட்டில் இரண்டு பேருக்கு வாந்தி. மேலே பனிமூட்டம், குளிர்.

வழிகாட்டி அறுபது வயசுக்காரர், அந்த மலையிலேயே பிறந்தவர். எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "நான் கை தூக்கினா ஓட்டம் நிக்கணும். ஏன்னு கேக்கப்படாது."

சில்வர் ஓக் மரத்தடியில் உதிர்ந்த இலை நனைந்து கிடந்தது. கல்லைவிட அதுதான் வழுக்கியது. இரண்டு பக்கமும் காப்பிச் செடி, காய் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவக்க ஆரம்பித்திருந்தது. ஏற்றமெல்லாம் நடந்தேன். மூச்சு ஒரு இடத்திலும் எல்லை மீறவில்லை.

பாதி வழியில் கை உயர்ந்தது.

பாதையில் சாணி, ஆவி பறந்துகொண்டிருந்தது. பெரியவர் குனிந்து பார்த்தார், காப்பிச் செடிப் பக்கம் தலையை ஆட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது, முட்டி வரை வெள்ளையாக நான்கு கால். அதற்கு மேலே கறுப்பாக ஒரு உடம்பு, செடி உயரத்துக்கு மேலே. காட்டெருமை. மூச்சு விடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள், கடைசி ஆளும், அவருக்குப் பின்னால் வருகிறவரும். யாரும் பேசவில்லை. பெரியவர் எங்களைப் பார்க்கவில்லை, அதன் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும். அது பாதையைக் கடந்து கீழ்ச்சரிவில் இறங்கியது. அதன் பிறகும் அவர் கையை இறக்கவில்லை. இன்னொன்று வந்தது, கன்றோடு. அது போன பிறகுதான் இறக்கினார்.

நாங்களாகப் போயிருந்தால் முதலாவது போனதும் ஓடியிருப்போம்.

உச்சி 1,623 மீட்டர். மேலே விரித்துவிட்ட மாதிரி தட்டையான செம்மண் பொட்டல், குகைக்குள் சேர்வராயன், பக்கத்தில் காவேரியம்மன். குனிந்து உள்ளே போனேன். என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை, நின்றுவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் டவர் கிடைத்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. இரும்புக்காரர். எடுக்கவில்லை.

இறக்கம் முழுக்க ஓடினேன். 170. ஒரு இடத்திலும் பின்னால் சாயவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பேசி முடித்தாயிற்று. ஆறு தறி. ஏழாவதைக் கொடுக்கவில்லை, விலையை அதற்காக இன்னும் குறைத்துக்கொண்டார், பரவாயில்லை. அம்மாவிடம் நானே சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மாடிப்படி இறங்கினேன், லேசான பிடிப்பு, அவ்வளவுதான். கோச் சொன்னது சரி.

நவம்பரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குச் சென்னிமலையில் பின்னால் வர ஆள் வேண்டுமாம். என்னைக் கேட்டார். முதலுதவி கற்றுக்கொடுப்பார்களா என்று கேட்டேன். கொடுப்பார்களாம். வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 16, வியாழன்

சனிக்கிழமை ஆறு மணிக்கு லாரி. தீபாவளிக்கு முன்னால் எடுத்துவிட வேண்டுமாம். ஓடுகிற நான்கையும் அன்று நிறுத்தி வைக்கச் சொல்கிறார், தூக்கிப் போக வழி வேண்டுமே. அஞ்சு மணிக்குள் இட்டேரி போய்த் திரும்பிவிட்டால் சாவியோடு வாசலில் நின்றுவிடலாம். தலைவிளக்குக்குப் பேட்டரி வாங்க வேண்டும்.