கான்ஃபரன்ஸ் காலும் பாரிமுனை ஹாரனும்

சென்னை மண்ணடி, பாரிமுனை ஷிப்பிங் ஆபீஸ்களில் கான்ஃபரன்ஸ் காலுக்கு முதல் எதிரி ஹாரன். ஜன்னலைச் சாத்தி ஹெட்செட் போடுங்கள். ஒரே அறையில் இரண்டு பேர் தனித்தனி போனில் சேர்ந்தால், ஒருவர் ஸ்பீக்கர் சத்தம் அடுத்தவர் மைக்கில் ஏறி ஊளையிடும். பேசாதபோது மியூட், ஹோல்டு வேண்டவே வேண்டாம், சில லைன்களில் ஹோல்டு மியூசிக் எல்லார் காதிலும் பாடும்!

நேரத்தை ஊர்வாரியாக எழுதி அனுப்புங்கள்: இங்கே மதியம் 2.30 என்றால் சிங்கப்பூரில் மாலை 5, துபாயில் பகல் 1.

கண்டெய்னர் நம்பரை 4 எழுத்து, 7 இலக்கம் எனப் பிரித்துச் சொல்லி, எதிர்முனையைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. தப்பாகக் கேட்டிருந்தால் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

"யாருக்காவது சந்தேகமா?" என்றால் மௌனம்தான் பதில். பேர் சொல்லிக் கேளுங்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்பது அன்றே வாட்ஸ்அப்பில் போய்விட வேண்டும்.